ஏஜென்ட் தப்பான டூலை எடுக்கிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் ஆன்லைன் கடையின் ஏஐ ஏஜென்ட்டிடம் (வாடிக்கையாளர் சொல்வதைப் படித்து வேலையைத் தானே செய்யும் மென்பொருள்), "ஆர்டரை கேன்சல் பண்ணினா பணம் முழுசா வருமா?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லாமல் ஆர்டரையே ரத்து செய்துவிட்டது. அதன் பின்னால் இருக்கும் ஏஐ மாடலை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். டூல் என்பது ஏஜென்ட் அழைத்து வேலை வாங்கும் ஒரு செயல்பாடு; டிஸ்கிரிப்ஷன் என்பது அதைப் பற்றி மாடலுக்கு எழுதித் தரும் விளக்கம். நீங்கள் அனுப்பிய ரத்து டூலின் டிஸ்கிரிப்ஷனில் "ஆர்டரை ரத்து செய்யும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. உள்ளே நீங்கள் எழுதியிருக்கும் நிரல் (கோடு) மாடலின் கண்ணில் படாது. டூலின் பெயர், டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டர்கள் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய விவரங்கள்), இவற்றை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஓர் ஆர்டரை நிரந்தரமாக ரத்து செய்யும், மீட்க முடியாது. ரத்து செய்யும்படி வாடிக்கையாளர் நேரடியாகச் சொல்லி, ஆர்டர் எண்ணையும் உறுதிப்படுத்திய பிறகே அழைக்கவும். ரத்து விதிகளையோ திரும்ப வரும் தொகையையோ விசாரித்தால் இதை அழைக்காதே; ஆர்டர் விவரம் பார்க்கும் டூலை எடு. கூரியரில் போய்விட்ட ஆர்டருக்குப் பிழைச் செய்தி வரும், மறுபடி முயலாதே."

இதில் மூன்றாவது வாக்கியம்தான் உங்கள் வாடிக்கையாளரைக் காப்பாற்றியிருக்கும். எப்போது எடுக்கக் கூடாது என்பதை எழுதப் பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஆனாலும் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் டிஸ்கிரிப்ஷனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். "உறுதியாக ரத்து செய்யலாமா?" என்று கேட்கும் படியைக் கோடிலேயே வையுங்கள்.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாக்கியங்களாவது எழுதச் சொல்கிறது, கிளாட் என்ற ஏஐ மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டி. என் கணக்கும் அதுதான். ஒவ்வோர் அழைப்பிலும் இந்த எழுத்து முழுவதும் டோக்கனாக (மாடல் படிக்கும் சொல் துண்டுகளாக) போய் பில்லில் ஏறும் என்பதால் கதை அளக்க வேண்டாம்.

தேதி பாராமீட்டர் அடிக்கடி தப்பாக வருகிறது.

எனக்கும் சூடு பட்ட இடம் இது. ஒரு கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் ஏஜென்ட்டுக்கு "தேதி" என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். ஜூன் 5-ஐ மாடல் 05/06 என்று அனுப்ப, பின்னால் இருந்த சாஃப்ட்வேர் அதை மே 6 என்று படித்தது. "வருடம்-மாதம்-நாள் வரிசை, உதாரணம் 2025-06-05" என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. இன்னொன்று: "நாளான்னைக்கு வரேன்" என்று ஒருவர் சொன்னால், இன்று என்ன தேதி என்று மாடலுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அது சிஸ்டம் ப்ராம்ப்ட்டின் (உரையாடலுக்கு முன்பே மாடலுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலின்) வேலை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஆந்த்ரோபிக் தன் இணையத் தேடல் டூலை வெளியிட்டபோது, கிளாட் தேவையில்லாமல் தேடல் சொற்களோடு "2025" என்று ஒட்டிக்கொண்டே இருந்ததாம். டிஸ்கிரிப்ஷனைத் திருத்தித்தான் அதை நிறுத்தினார்கள். ஃபைல்களைத் திருத்தும் ஏஜென்ட் வேறு ஃபோல்டருக்குப் போனதும் பாதையைத் தப்பாகக் கொடுத்தபோது, முழுப் பாதையைத்தான் தர வேண்டும் என்று டூலையே மாற்றினார்கள். விளக்கிச் சொல்வதைவிடத் தப்பு செய்ய வழியே இல்லாமல் அடைப்பது நல்லது. நாலு மதிப்புகள்தான் சாத்தியம் என்றால் enum (அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) போட்டுவிடுங்கள்.

டிஸ்கிரிப்ஷனைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், மாடலுக்குப் புரியும். டூலின் பெயரில் மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு (_), சிறுகோடு (-) தவிர வேறு எதையும் ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் ஏபிஐகள் (நிரல் வழியாக மாடலை அழைக்கும் இணைப்புகள்) ஏற்காது. அதே விஷயத்தைத் தமிழில் எழுதினால் டோக்கன் கூடுதலாகச் செலவாகும். நான் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, பயனர் வாயில் வரும் சொற்களை மட்டும் தமிழிலேயே உதாரணமாகச் சேர்ப்பேன்: "கேன்சல் பண்ணிடுங்க", "வேணாம், விட்டுடுங்க" என்பது போல.

டூல்கள் 40 ஆகிவிட்டன. பரவாயில்லையா?

ஒரே நேரத்தில் 20-க்குள் வைத்துக்கொள்ளும்படி ஓபன்ஏஐ பரிந்துரைக்கிறது, கட்டாயம் இல்லை. எப்போதும் அடுத்தடுத்து அழைக்கப்படும் இரண்டு டூல்கள் இருந்தால் ஒன்றாக்கிவிடுங்கள்.

வெளியார் எழுதிய எம்சிபி சர்வரை அப்படியே இணைக்கலாமா?

எம்சிபி என்பது வெளி டூல்களை ஏஜென்ட்டோடு இணைக்கும் பொது முறை; 2024 நவம்பரில் வந்தது. அடுத்த ஏப்ரலுக்குள்ளேயே, டிஸ்கிரிப்ஷனில் ரகசியக் கட்டளையை ஒளித்து வைத்துப் பயனரின் ஃபைலைத் திருட முடியும் என்று இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் செய்து காட்டிவிட்டது. திரையில் உங்களுக்குத் தெரிவது சுருக்கம். மாடல் படிப்பது முழுசு. இணைப்பதற்கு முன் முழு டிஸ்கிரிப்ஷனையும் ஒரு தடவை படியுங்கள். அப்டேட் வந்தால் மறுபடியும் படியுங்கள். நேற்றுப் பார்த்த வரி இன்றைக்கு மாறியிருக்கலாம்.