கடலூர் மத்திய சிறையில் ஆயுள் கைதியாக இருப்பவர் 14 ஆண்டு முடிந்ததும் தானாக வெளியே வந்துவிடுவாரா?

வரமாட்டார். ஆயுள் என்றால் வாழ்நாள் முழுவதும். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றமென்றால், 14 ஆண்டு உண்மையாகவே சிறையில் கழிந்த பிறகுதான் அரசு தண்டனைக் குறைப்பைப் பரிசீலிக்கலாம். நன்னடத்தைக் கழிவு நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. அரசியலமைப்பின் 161ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் தண்டனைக் குறைப்பு அதிகாரத்துக்கு இந்த வரம்பில்லை. ஆனால் அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும். 2022இல் பேரறிவாளன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

பலர் தவறுவது எங்கே மனு கொடுப்பது என்பதில். முடிவெடுப்பது தண்டனை விதித்த நீதிமன்றம் இருக்கும் மாநிலத்தின் அரசு, சிறை இருக்கும் மாநிலமல்ல. தண்டித்த நீதிமன்றத்தின் நீதிபதியிடம் கருத்துக் கேட்பார்கள். காரணம் சொல்லாமல் 'பரிந்துரைக்கவில்லை' என்று மட்டும் வந்தால் விடாதீர்கள், உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். மறுப்பு ஆணையின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.