எழுத வராத பிள்ளைக்கு வாசிப்பு வருமா?

டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் என்று மருத்துவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்ட பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

என் மகனுக்கு 7 வயது, டவுன் சிண்ட்ரோம். இரண்டு வருடமாகப் பள்ளியில் ‘அ’ மட்டும்தான் எழுத வைக்கிறார்கள். பென்சில் பிடிப்பே வரவில்லை, புள்ளி வைத்துக் கொடுத்தாலும் கோடு எங்கோ ஓடிவிடுகிறது. எழுத்து வந்தால்தான் அடுத்த பாடம் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
— ஒரு தாய், ராஜபாளையம்

காத்திருக்காதீர்கள் அம்மா, இன்றைக்குச் சாயங்காலமே தொடங்குங்கள். எழுதுவது கை வேலை. வாசிப்பதற்குக் கண்ணும் காதும் மூளையும் போதும். நம் ஊரில் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்துவிட்டோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும், விரல் மூட்டுகள் வளைந்து கொடுக்கும், அதனால் பென்சில் பிடிக்க நாளாகும். அதைக் காரணம் காட்டி ஒரு வார்த்தைகூடக் கண்ணில் காட்டாமல் இரண்டு வருடம் வைத்திருப்பது அநியாயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பையனை ஒரு வருடம் முழுக்க ‘அ’விலேயே நிறுத்தி வைத்தேன், அந்த வருடம் அவனுக்குத் திரும்பக் கிடைக்காது என்பது இன்னும் என்னை உறுத்துகிறது.

இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதால் கேட்டது சீக்கிரம் நழுவிவிடும், கண்ணால் பார்த்தது தங்கும். 1980இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இருந்த சூ பக்லி என்ற உளவியலாளருக்கு ஒரு தந்தை கடிதம் எழுதினார். டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகளுக்கு மூன்று வயதிலிருந்தே வார்த்தை அட்டைகள் காட்டி வாசிக்கப் பழக்கியதையும், அது அவளுடைய பேச்சுக்கு உதவியதையும் அதில் சொல்லியிருந்தார். பக்லியின் ஆய்வுகளுக்கு அந்தக் கடிதம்தான் தொடக்கம். பேச்சு நன்றாக வரட்டும், அப்புறம் வாசிப்பு என்று நாம் போட்டு வைத்திருக்கும் வரிசை இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தவே பொருந்தாது.

சரி, வீட்டில் எப்படி? பழைய கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கம் போதும். தடித்த மார்க்கரில், ஒரு வார்த்தைக்கு இரண்டு அட்டை எழுதுங்கள். முதலில் நாலே நாலு வார்த்தை: அவன் பெயர், அம்மா, இட்லி, பந்து. ‘அப்பா’வை இப்போது சேர்க்காதீர்கள், ‘அம்மா’வும் ‘அப்பா’வும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் குழப்பும் (அப்பாவைச் சமாதானப்படுத்திக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் வந்துவிடுவார்). முதல் வேலை, அட்டையை அதே மாதிரி அட்டையின் மேல் வைப்பது. அது கைவந்ததும் “இட்லி எங்கே, எடு” என்று கேளுங்கள். “இது என்ன?” என்ற கேள்வி கடைசியில்தான். பேச்சு தெளிவில்லை என்றால் சைகை காட்டினாலும் சரியான பதில்தான். தப்பான அட்டைக்குக் கை போகிறது என்று தெரிந்தால் தொடுவதற்கு முன்பே மெல்லச் சரியானதுக்குத் திருப்பிவிடுங்கள், ஏனென்றால் ஒருமுறை தப்பாக எடுத்தது மனதில் ஒட்டிக்கொண்டால் அதைப் பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆகும். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அழுதால் அன்றைக்கு அதோடு போதும்.

வார்த்தை தேர்ந்தெடுப்பதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை சொல்வது ‘தண்ணி’, புத்தகத்தில் இருப்பது ‘தண்ணீர்’. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் அவன் தலையில் ஏற்றாமல், பேச்சிலும் அச்சிலும் ஒன்றாகவே இருக்கிற சொற்களாக எடுங்கள்: பூ, தாத்தா, பாட்டி, பந்து, இட்லி, பட்டம். அப்புறம் போனில் இருக்கிற அவனுடைய போட்டோக்களில் எட்டை அச்செடுத்து ஒரு சின்னப் புத்தகம் தையுங்கள், ஒவ்வொன்றின் கீழும் அவன் பேசுகிற மாதிரியே ஒரு வரி: “பாட்டி வந்தாங்க.” ‘வந்தார்’ அடுத்த வருடம் வரட்டும்.

முப்பது, நாற்பது வார்த்தை சேர்ந்ததும் எழுத்துக்கு வரலாம், வரத்தான் வேண்டும், இல்லையென்றால் புது வார்த்தையைத் தானாகப் படிக்க வராது. ஆனால் 247 எழுத்தையும் க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாட வைக்காதீர்கள், பாட்டு வரும், எழுத்து வராது. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தையிலிருந்து ட, ப, ம மூன்றையும் எடுங்கள். அப்புறம் துணைக்காலை மட்டும் கையில் எடுத்து டா, பா, மா. அது வந்ததும் புள்ளி வைத்து ட், ம். இப்போதே மாமா, படம், பாடம், பட்டம் எல்லாம் படிக்கலாம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பை ரொம்பத் தள்ளி வையுங்கள், எழுத்துக்கு முன்னால் நிற்கிற குறியின் ஒலி அதற்குப் பின்னால் கேட்பது நமக்குப் பழகிவிட்டது, அவனுக்கு அது பெரிய குழப்பம். கு, சு, டு, மு போன்ற உகர, ஊகார எழுத்துகளுக்கு ஒரே குறி கிடையாது, அந்த 36ஐயும் தனித்தனியாகத்தான் காட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது இந்தப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். கேட்காத பிள்ளையைக் கவனிக்காத பிள்ளை என்று திட்டிக்கொண்டிருப்போம்.

என் 6 வயது மகனுக்கு ஆட்டிசம். யாரும் சொல்லித் தராமலேயே கடைப்பலகை, பஸ் போர்டு, செய்தித்தாள் தலைப்பு எல்லாம் வாசிக்கிறான். சொந்தக்காரர்கள் மேதை என்கிறார்கள். ஆனால் “என்ன படிச்ச?” என்றால் பதிலே இல்லை.
— ஒரு தந்தை, ஆவடி

இதற்கு ஹைப்பர்லெக்ஸியா என்று பெயர், 1967இலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. எழுத்தை ஒலியாக மாற்றுவது வயதை மீறி வளர்ந்திருக்கும், பொருள் அந்த வேகத்துக்கு வராமல் பின்தங்கும். மேதை என்று கொண்டாடிவிட்டு நிறுத்துவதும் தப்பு, சும்மா ஒப்பிக்கிறான் என்று ஒதுக்குவதும் தப்பு. எழுத்தின் மேல் அவனுக்கு இருக்கிற பிரியம்தான் உங்கள் கையில் இருக்கிற சாவி, வாயால் சொன்னால் காதில் ஏறாத விஷயத்தை எழுதிக் காட்டினால் செய்வான்.

“என்ன படிச்ச?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி அவனுக்கு மிகப் பெரியது. சீட்டில் “பந்தைக் கூடையில் போடு” என்று எழுதிக் கொடுங்கள். செய்தால் புரிந்தது, செய்யாவிட்டால் கூடவே செய்து காட்டுங்கள். “கதவைத் திற”, “கதவை மூடு” என்று ஒரு சொல் மட்டும் மாறுகிற ஜோடிகளாகப் போங்கள். கொஞ்ச நாள் கழித்து இதை முயலுங்கள்: “பையன் நாயைத் துரத்தினான்”, “பையனை நாய் துரத்தியது”. இரண்டுக்கும் படம் வரைந்து வைத்து எது எதற்கு என்று பொருத்தச் சொல்லுங்கள். வாசிப்பில் துளி தப்பு இருக்காது, படத்தில் தடுமாறுவான். தமிழில் யார் யாரைத் துரத்தினார் என்பதை ‘நாயை’, ‘பையனை’ என்பதன் கடைசியில் வருகிற அந்த ‘ஐ’ சொல்கிறது, அவன் கண் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. அந்த ‘ஐ’யை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிறுவனுக்கு இந்த ஒரு விஷயம் பிடிபட நாலு மாதம் ஆனது. பிடிபட்ட அன்றைக்கு அவன் வீட்டில் இருந்த எல்லாரையும் எல்லாரும் துரத்துவதாக எழுதித் தள்ளினான்.

நான் ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 3ஆம் வகுப்பில் 34 பேர், அதில் ஒரு மாணவிக்கு அறிவுசார் குறைபாடு. கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதுகிறாள், ஒரு எழுத்தும் வாசிக்க வரவில்லை. ஒரு வருடம் முயன்றும் பலன் இல்லை.
— ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

டீச்சர், அவள் எழுதவில்லை, வரைகிறாள். பார்த்து எழுதுவதை நோட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதை வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். 34 பேரை வைத்துக்கொண்டு உங்களால் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாது, அதை நான் கேட்கவும் மாட்டேன். பிரேயருக்கு முன்னால் ஐந்து நிமிடம், மதியம் அவளுக்குப் பிடித்த ஒரு தோழியோடு பத்து நிமிடம் அட்டை விளையாட்டு. வட்டார வளமையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் செய்து காட்டுவதை ஒரு நோட்டில் எழுதி வாங்கி, மற்ற நாட்களில் அதையே தொடருங்கள். வாரம் ஒரு நாள் பாடம், ஆறு நாள் மறதி என்றால் எந்தப் பிள்ளைக்கும் வராது.

ஒரு வருடம் குறைவு. அமெரிக்காவின் டெக்சாஸில் ஜில் ஆலரும் சக ஆய்வாளர்களும் அறிவுத்திறன் அளவு (IQ) 40 முதல் 80 வரை உள்ள பிள்ளைகளைச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்து, தினமும் 40 முதல் 50 நிமிடம், நான்கு ஆண்டுகள் வரை முறையாக எழுத்தும் ஒலியும் பொருளுமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 2014இல் முடிவுகள் வெளிவந்தன. பிள்ளைகள் வாசித்தார்கள். ஆனால் மற்றவர்கள் ஒரே வருடத்தில் எட்டும் முதல் வகுப்பு அளவைத் தொட இவர்களில் பலருக்கு மூன்று வருடமும் அதற்கு மேலும் ஆனது. பாதியில் விட்டிருந்தால் “இவர்களுக்கு வராது” என்று எழுதி மூடியிருப்பார்கள்.

தமிழா, ஆங்கிலமா? ஒரே மொழியில் பேசச் சொல்கிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.
— ஒரு தாய், கோவை

தமிழ். வீட்டில் பாட்டியும் தாத்தாவும் எதில் பேசுகிறார்களோ அதில். இரண்டு மொழி கேட்பதால் டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கெட்டுப்போகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

என் பேத்திக்கு 9 வயது, மூளை முடக்குவாதம். பேச்சு இல்லை, கையும் நிற்காது. கண்ணாலேயே எல்லாம் சொல்லுவாள். அவளுக்குப் படிப்பு வருமா, வந்தால் நமக்கு எப்படித் தெரியும்?
— ஒரு பாட்டி, தஞ்சாவூர்

கண்ணால் எல்லாம் சொல்லுவாள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா, அந்தக் கண்ணையே கேட்போம். இரண்டு அட்டையை அவள் முகத்துக்கு நேராக, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், நன்றாக இடைவெளி விட்டுப் பிடியுங்கள். “பாட்டி எது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள், பத்து வினாடிகூட ஆகலாம், அவசரப்படுத்தினால் பார்வையும் நடுங்கும். பக்கத்தை மாற்றி மாற்றிப் பத்து தடவை கேளுங்கள். ஐந்து சரி என்றால் குருட்டாம்போக்கு. ஒன்பது சரி என்றால் அவளுக்குத் தெரிகிறது. கேட்கும்போது உங்கள் கண் சரியான அட்டையைப் பார்க்கக் கூடாது, இந்தப் பிள்ளைகள் நம் முகத்தைப் படித்துவிடுவார்கள். மூளை முடக்குவாதத்தில் பார்வைக் கோளாறும் சேர்ந்திருப்பது அதிகம், அதனால் கறுப்பு அட்டையில் மஞ்சள் எழுத்து போட்டும் பாருங்கள்.

சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ என்ற செயலி தமிழிலும் இருக்கிறது, படத்தைத் தேர்ந்தெடுத்தால் அது பேசும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, ஒருமுறை அழைத்துப் போய் அவளுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று கேளுங்கள்.

என் தங்கைக்கு 16 வயது. எந்தப் பள்ளியும் வாசிக்கச் சொல்லித் தரவில்லை. இனிமேல் முடியுமா?
— ஓர் அண்ணன், விருத்தாசலம்

முடியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று இருந்தால் 18 வயது வரை இலவசக் கல்வி அவள் உரிமை, அந்த இரண்டு வருடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 18 ஆனாலும் வாசிப்பு நின்றுவிடாது.

ஆனால் அணில், ஆடு, இலை என்று தொடங்க வேண்டாம், அவள் குழந்தை இல்லை. அவளுக்கு வேண்டிய வார்த்தைகள் வேறு: பெண்கள், அபாயம், காலை, இரவு, அவள் போடும் மாத்திரையின் பெயர், உங்கள் போன் நம்பருக்குப் பக்கத்தில் உங்கள் பெயர், அவளுக்குப் பிடித்த நடிகரின் பெயர். அவளையே கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். வருகிற பஸ்ஸில் ‘விருத்தாசலம்’ என்று எழுதியிருப்பதைக் காட்டுங்கள், நீளமான வார்த்தைதான், இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டு வந்து விடுகிற வார்த்தை அது. முதல் அட்டையில் அதை எழுதுங்கள்.