ஜெனரல் தீல்மான்: கேள்விகளும் பதில்களும்

யோஹான் அடோல்ஃப் ஃபொன் தீல்மான் (1765–1824) என்ற சாக்சனி நாட்டுப் படை அதிகாரியைப் பற்றி வந்த கேள்விகள்.

சாக்சன் என்றால் இங்கிலாந்தைப் பிடித்தவர்களா?
இல்லை. இது டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்டிருந்த, அந்தக் காலத்து ஜெர்மன் நாடு. அந்தக் கதைக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

1806-ல் நெப்போலியனை எதிர்த்தவர், 1812-ல் அவரோடு ரஷ்யாவுக்குப் போனது எப்படி?
அவருடைய மன்னர் அணி மாறினார், படையும் மாறியது. 1806-ல் யேனா சண்டையில் சாக்சனி, நெப்போலியனை எதிர்த்த பிரஷ்யா பக்கம் நின்று தோற்றது. அந்த டிசம்பரிலேயே நெப்போலியனோடு உடன்பாடு செய்துகொண்டது. தீல்மான் அதற்குப் பிறகு நெப்போலியனின் பெரிய ரசிகர்.

போரோடினோவில் ராயெவ்ஸ்கி அரணைப் பிடித்தது பிரெஞ்சுக்காரர் கோலன்கூர்தானே?
இதற்காகத்தான் காத்திருந்தேன்! போரோடினோ என்பது ரஷ்யப் படையெடுப்பின் பெரிய சண்டை, ராயெவ்ஸ்கி அரண் அதில் ரஷ்யர்கள் கட்டிய பீரங்கி அரண். 1812 செப்டம்பர் 7, பிற்பகல். குதிரைப்படைகள் அரண்மீது பாய்ந்தன. ஒருபக்கம் ஓகுஸ்ட் டி கோலன்கூர் நடத்திய பிரெஞ்சுக் கவசப் படை. இன்னொரு பக்கம் லாத்தூர்-மோபூரின் படையில் தீல்மானின் பிரிகேடு. இரண்டு சாக்சன் ரெஜிமெண்ட், ஒரு போலந்து ரெஜிமெண்ட். அதே களத்தில், காலையிலேயே செமியோனொவ்ஸ்கயா கிராமத்தில் அடி வாங்கிய படை அது. கோலன்கூர் அங்கேயே இறந்தார். நெப்போலியனின் போர் அறிக்கை புகழை அவருக்குக் கொடுத்தது. சாக்சன் அதிகாரிகள் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே புகுந்து சண்டையை முடித்ததில் பெரும்பங்கு சாக்சன்களுடையது என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை: எந்த நினைவுக்குறிப்பைப் படித்தாலும், அது 1813-க்கு முன் எழுதியதா, பின் எழுதியதா என்று முதலில் பாருங்கள். அந்த ஆண்டுதான் தீல்மான் நெப்போலியனை விட்டு எதிரணிக்குப் போனார்.

கோலன்கூரைச் சிறுமைப்படுத்துகிறீர்கள். சாக்சன்கள் சொந்தப் பெருமை பேசத்தானே செய்வார்கள்?
பேசுவார்கள்தான். நெப்போலியனின் அறிக்கை மட்டும் பொதுநலத் தொண்டா? செத்த வீரனைப் புகழ்வது பாரிஸுக்கு வசதி. கூட்டாளி நாட்டுப் படையைப் புகழ்ந்து அங்கே யாருக்கு என்ன லாபம்? கோலன்கூரின் வீரத்தை நான் குறைக்கவில்லை, அவர் மட்டும்தான் என்பதைத்தான் மறுக்கிறேன். அப்புறம், தூதராக இருந்த கோலன்கூர் இவருடைய அண்ணன். இருவரையும் குழப்ப வேண்டாம்.

தீல்மான் துரோகிதானே?
1813-ல் சாக்சனியின் டோர்கௌ கோட்டை அவர் பொறுப்பில் இருந்தது. மன்னர் உத்தரவில்லாமல் யாருக்கும் திறக்கக்கூடாது என்பது கட்டளை. அவர் மனம் ஏற்கெனவே நெப்போலியனை எதிர்த்த ரஷ்யா, பிரஷ்யா ஆகிய நேச நாடுகள் பக்கம் சாய்ந்திருந்தது. ஆனாலும் அவர்களுக்குத் திறக்கவில்லை. மே மாதம் லுட்சனில் நெப்போலியன் வென்றதும், பிரெஞ்சுக்காரருக்குத் திற என்று மன்னர் எழுதினார். தீல்மான் பதவியை விட்டார், எதிரணிக்குப் போனார். கோட்டையைக் கையோடு கொண்டுபோகவில்லை.

மன்னரை விட்டு ஓடியவரை ஏன் புகழ்கிறீர்கள்?
முந்தைய பதிலைப் படியுங்கள்.

துரோகி என்று ஏன் நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?
மேலே சொன்ன எச்சரிக்கைதான்: அவரைப் பற்றி எழுதியது 1813-க்கு முன்னா, பின்னா.

வாட்டர்லூவில் இருந்தாரா?
1815-ல் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற அன்று, இவர் பக்கத்து ஊரான வாவரில் இருந்தார், பிரஷ்யாவின் மூன்றாம் கோர் (பெரும் படைப்பிரிவு) தளபதியாக. அவருக்குக் கீழே படைத்திட்டங்களைக் கவனித்த தலைமை அலுவலர், போரியல் சிந்தனையாளர் கிளவுசவிட்ஸ். சுமார் 17,000 பேரை வைத்துக்கொண்டு, டில் ஆற்றங்கரையில் பிரெஞ்சு மார்ஷல் குரூஷியின் ஏறக்குறைய 33,000 பேரை மல்லுக்கட்டி நிறுத்தினார். மறுநாள் காலை பின்வாங்க வேண்டியிருந்தது. அதற்குள் வாட்டர்லூவில் எல்லாம் முடிந்துவிட்டது.

கவிஞர் நோவாலிஸுக்கும் இவருக்கும் உறவாமே?
நோவாலிஸுக்கு நிச்சயித்த ஜூலியின் சகோதரிதான் தீல்மானின் மனைவி. கல்யாணம் நடக்குமுன்பே, 1801-ல் கவிஞர் போய்விட்டார்.

அவர் சீருடைப் பொத்தான் என்ன நிறம்?
பொத்தான் என் துறை இல்லை.