சிறிய அலுவலகத்துக்கு எந்தத் தரவுத்தள மென்பொருள்? கேள்வி பதில்

கேள்வி: கோவையில் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் விவரங்களை எக்செலில் எழுதி வருகிறேன். தரவுத்தளத்துக்கு மாறத்தான் வேண்டுமா?

பதில்: வரிசைகள் போதாது என்ற அச்சத்தால் மாற வேண்டியதில்லை, இன்றைய எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிசைகள் கொள்ளும். ஒரே வாடிக்கையாளர் உங்கள் தாளில் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். பம்பு வரும்போதெல்லாம் பெயரையும் முகவரியையும் புதிதாகத் தட்டச்சு செய்தால், ஓரிடத்தில் ‘செல்வம்’, இன்னோரிடத்தில் ‘ஆர். செல்வம்’ என்று ஒருவரே இருவராகிவிடுவார்; அவருடைய கைப்பேசி எண் மாறினால் எல்லா வரிகளையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும். தரவுத்தளத்தில் வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணையும் பழுது வேலைகளுக்கு ஓர் அட்டவணையும் அமைத்து, இரண்டையும் வாடிக்கையாளர் எண்ணால் இணைப்பதால், ஓரிடத்தில் திருத்தினால் போதும். இந்தத் தொல்லை உங்களுக்கு இருந்தால் தயங்காமல் மாறுங்கள். தொலைபேசி எண்ணுக்கான புலத்தை, அதாவது அட்டவணையின் பத்தியை, எழுத்து வகையாகவே அமையுங்கள். எண் வகையாக அமைத்தால் 0422 என்பதன் முன்னிருக்கும் சுழியம் காணாமல் போய்விடும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மூன்று கணினிகள். மைக்ரோசாஃப்ட் அக்சஸ் வாங்கலாமா, இலவசமான லிப்ரே ஆபிஸ் பேஸ் போதுமா?

பதில்: மூவரும் ஒரே நேரத்தில் பதிவு செய்வதானால் அக்சஸ் என்பதே என் பரிந்துரை. அட்டவணைகள் மட்டும் உள்ள கோப்பைப் பொதுக் கணினியில் வைத்து, படிவங்களும் அறிக்கைகளும் உள்ள கோப்பை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே வைக்க வேண்டும். கணினிகளைக் கம்பி வழியே இணையுங்கள். வைஃபை நடுவில் அறுந்தால் கோப்பு சிதையக்கூடும். அக்சஸ் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதையும், ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த ரசீதுகளைக் கோப்புக்குள் திணிக்காமல், கணினியில் தனிக் கோப்புறையில் வைத்து, அவை இருக்கும் இடத்தை மட்டும் குறித்து வந்தால் அந்த வரம்பை எளிதில் எட்டமாட்டீர்கள்.

பதிவு செய்பவர் ஒருவர்தான் என்றால் பேஸ் போதும். ஆனால் பேஸின் உள்ளமைந்த தரவுத்தளத்தில், கோப்பைச் சேமிக்கும்போதுதான் பதிவுகள் அதில் நிலைபெறுகின்றன. மின்வெட்டு உள்ள ஊரில் யூபிஎஸ் இல்லாமல் அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: வீட்டிலுள்ள ஏறத்தாழ 2,000 புத்தகங்களைப் பட்டியலிட வேண்டும். பணம் செலவழிக்க விருப்பமில்லை.

பதில்: எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள மென்பொருளும், அதைத் திறந்து பார்க்க டிபி பிரவுசர் என்னும் நிரலும் போதும். இரண்டுமே இலவசம், பட்டியல் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடுவதால், அதைப் பென் டிரைவில் நகலெடுப்பதே காப்புப் பிரதியாகிவிடும். நகலெடுக்கும் முன் டிபி பிரவுசரை மூடிவிடுங்கள்.

கேள்வி: அதில் தமிழ்ப் பெயர்கள் அகரவரிசையில் வருமா?

பதில்: இயல்பாக வராது. எஸ்க்யூலைட், ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோட் முறை தரும் குறியெண்களின் வரிசையைப் பின்பற்றுகிறது. அதில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தே நிற்கிறது. ஆகவே ‘மனோகரன்’ முதலிலும் ‘மலர்விழி’ பிறகும் வரும். தமிழ் முறையில் ‘மலர்விழி’யே முந்த வேண்டும். ஐசியு என்னும் கூடுதல் நிரலை இணைத்தால் வரிசை சரியாகும். வீட்டு நூலகத்தில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் நோக்கமென்றால் அந்தச் சிரமம் தேவையில்லை. பழைய பட்டியல் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் மட்டும், முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு உள்ளிடுங்கள். இல்லையேல் தமிழில் தேடும்போது எதுவும் அகப்படாது.