பக்கத்து மேசைப் பேச்சு

கேள்வி: முதுகலை படிக்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் தினமும் நாலைந்து மணி நேரம் இருப்பேன். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் நடந்துகொள்வதையும் பேசுவதையும் நோட்டில் குறித்து, முகநூலில் பதிவாகப் போடுகிறேன். யார் பெயரையும் போடுவதில்லை, நல்ல வரவேற்பும் இருக்கிறது. என் தோழி மட்டும் இது திருட்டு என்கிறாள். எழுத ஆசைப்படுகிறவன் மனிதர்களைக் கவனிப்பது தப்பா?
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கவனிப்பது தப்பே இல்லை, தாராளமாகக் கவனியுங்கள். உங்கள் தோழி கேட்பது அதை அல்ல. கேட்டதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேட்கிறார், அதற்கு உங்கள் கடிதத்தில் பதிலே இல்லை.

நீங்கள் அனுப்பிய மூன்று பதிவுகளையும் படித்தேன். இரண்டாவதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அதில் உள்ளதை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை, ஓர் ஆய்வு மாணவி படிக்கட்டில் நின்று போனில் தன் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடைப் பற்றிச் சொல்லி அழுதார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர் போடவில்லை என்கிறீர்கள். சரி, ஆனால் துறை இருக்கிறது, மாடி இருக்கிறது, கிழமை இருக்கிறது, அவர் போட்டிருந்த சுடிதாரின் நிறம்கூட இருக்கிறது. ஒரு துறையில் எத்தனை ஆய்வு மாணவிகள் இருந்துவிடப் போகிறார்கள்? கைடு கையெழுத்துப் போடாமல் உதவித்தொகைப் படிவமும் நகராது, ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸும் நகராது என்பது பல்கலைக்கழகத்தில் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அந்தப் பதிவு அந்தக் கைடு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டீர்கள்.

இதை நான் மேலே நின்றுகொண்டு சொல்லவில்லை. கல்லூரி நாட்களில் எங்கள் விடுதியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம், மொத்தம் முப்பது பேர் படித்திருந்தால் அதிகம். நூலகத்தில் ஒரு தடித்த அகராதிக்குள் இரண்டு பேர் துண்டுச் சீட்டு வைத்துப் பரிமாறிக்கொள்வதைப் பல நாள் பார்த்துவிட்டு, அதை அப்படியே ஒரு கதையாக எழுதினேன். அகராதியின் பெயரை மாற்றவில்லை, அது இருந்த அலமாரியைக்கூட மாற்றவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்த இரண்டு பேரும் நூலகத்துக்கு வரவே இல்லை. அந்தப் பெண் படிப்பை முடித்தாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் வாசகர்களைக் கூர்ந்து கவனித்தவர்தான். அதுவரை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். எந்த வாசகர் எதைத் தேடித் தடுமாறுகிறார், எங்கே அவருக்கு நேரம் வீணாகிறது என்று பார்த்துப் பார்த்து, அலமாரிகளை வாசகர்களே நேரடியாகப் போய்ப் புத்தகம் எடுக்கும்படி திறந்துவிட்டார், தேடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று உதவ ஆட்களை வைத்தார். 1931இல் அவர் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் கவனித்ததெல்லாம் அந்த வாசகருக்கே திரும்பிப் போனது. நீங்கள் கவனித்ததில் படிக்கட்டில் அழுத அந்த ஆய்வு மாணவிக்கு என்ன திரும்பிப் போனது?

அப்புறம் இன்னொன்று. வாசகரோடு பழகுவதில் தெரியவரும் அந்தரங்கத்தை நூலகர் வெளியே சொல்லக்கூடாது என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939லேயே தன் ஒழுக்க நெறியில் எழுதி வைத்தது. ஒருவர் எந்தப் புத்தகத்தை எடுக்கிறார், எந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு யோசிக்கிறார் என்பதெல்லாம் அவர் மனசுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. வேலையின் பொருட்டு அதைப் பார்க்க வேண்டியிருக்கிற நூலகருக்கே இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஒரே காரணத்துக்காக நமக்கு அது இல்லாமல் போய்விடாது. பேருந்திலோ டீக்கடையிலோ சத்தமாகப் பேசுகிறவருக்கு நாலு பேர் கேட்பார்கள் என்று தெரியும். நூலகப் படிக்கட்டுக்கு ஒதுங்கிப் போகிறவர் யாரும் கேட்கக்கூடாது என்றுதானே போகிறார்?

நோட்டில் எழுதுவதை நிறுத்தாதீர்கள். ஆனால் எழுதியதை ஒரு வருஷமாவது அந்த நோட்டிலேயே கிடக்க விடுங்கள். நாள் போகப் போக யார் சொன்னது என்பது மங்கி, ஏன் சொன்னார் என்பது மட்டும் நிற்கும், கதைக்கு வேண்டியது அதுதான். உங்கள் இரண்டாவது பதிவில் வசனம் இருக்கிறது, ஆள் இல்லை. அழுது முடித்ததும் அவர் என்ன செய்தார், திரும்பி வந்து அதே புத்தகத்தைத்தான் திறந்தாரா? நீங்கள் பார்க்கவில்லை, அதற்குள் போனை எடுத்துப் பதிவு போட ஆரம்பித்துவிட்டீர்கள்.

அந்தப் பதிவை இன்றைக்கே நீக்கிவிடுங்கள், பகிர்ந்தவர்களையும் நீக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பதிவு எனக்குப் பிடித்திருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிக்காகக் காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்பவர்கள், சாப்பிடப் போகும்போது இடம் பிடிக்க விட்டுப்போகும் தண்ணீர் பாட்டிலும் கைக்குட்டையும், பாட்டிலை நகர்த்தி உட்காரலாமா என்று தயங்கித் தயங்கிச் சுற்றி வரும் புதுப் பையன், இதில் யாருக்கும் ஒரு இழப்பும் இல்லை. இரண்டே பத்தியில் முடித்துவிட்டீர்கள். அதை முழுசாக எழுதி எனக்கு அனுப்புங்கள்.