சிசி குறைந்தால் மைலேஜ் கூடுமா?

கேள்வி: கரூரில் இருக்கிறேன். வீட்டில் ஆறு பேர். ஏழு சீட் எஸ்யூவி வாங்கப் போகிறோம். மாதம் 1,500 கி.மீ. ஓடும். அதில் பாதிக்கு மேல் சென்னை போய் வருவது, மீதி ஊருக்குள். வருடத்துக்கு மூன்று நான்கு முறை கொடைக்கானல். 2.2 லிட்டர் டீசலா, 1.5 லிட்டர் டர்போ பெட்ரோலா என்று குழப்பம். "சிசி கம்மியா இருந்தா எண்ணெய் கம்மியாத்தான் குடிக்கும், சின்னதையே எடு" என்கிறார் அண்ணன். சரியா?

பதில்: சிசி என்பது இன்ஜின் சிலிண்டர்களின் கொள்ளளவு, 1,000 சிசி ஒரு லிட்டர். சிக்னலில் நிற்கும்போது உங்கள் அண்ணன் சொல்வது சரி. வண்டி கிளம்பிவிட்டால் கணக்கு மாறிவிடும்.

நீங்கள் சொல்லும் கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். ஆறு பேர், பெட்டி படுக்கையோடு வண்டி ஏறக்குறைய 2.3 டன் இருக்கும். வத்தலகுண்டிலிருந்து மேலே போக சுமார் 1,800 மீட்டர் ஏற வேண்டும். அவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் மூன்று லிட்டருக்கு மேல் டீசல் எரிந்தாக வேண்டும். டயர் உருளுவதற்கும் வளைவுகளில் பிரேக் பிடித்துப் பிடித்து வேகமெடுப்பதற்கும் ஆகும் செலவு தனி. இன்ஜின் 1.5 ஆனாலும் 2.8 ஆனாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அதை எவ்வளவு சிக்கனமாகச் செய்கிறது என்பதில்தான் இன்ஜினுக்கு இன்ஜின் வித்தியாசம்.

டர்போ என்பது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. சின்ன டர்போ பெட்ரோலின் சாமர்த்தியம் மெதுவாக ஓட்டும்போது தெரியும். பெரிய பெட்ரோல் இன்ஜினை லேசாக மிதித்து ஓட்டினால், பாதி மூடிய த்ராட்டில் (காற்று நுழையும் வாசலில் உள்ள கதவு) வழியாகக் காற்றை உறிஞ்சுவதிலேயே அதன் சக்தி கொஞ்சம் வீணாகும். சின்ன இன்ஜினில் அந்த நஷ்டம் குறைவு. ஆனால் முழு லோடில் ஏற்றத்தில் மிதித்தால் டர்போ முழு மூச்சில் காற்றை அடைக்கும், சிலிண்டருக்குள் சூடு ஏறும். 'நாக்கிங்' (சூட்டில் பெட்ரோல் தானாகவே பற்றி இன்ஜின் தட்டுவது) வராமலிருக்க கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இன்னும் அழுத்தினால், சூட்டைத் தணிக்கவென்றே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜின்களும் உண்டு. மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

அப்படியானால் கம்பெனி சொல்லும் மைலேஜ் பொய்யா? இல்லை. அந்தச் சோதனை ஆய்வகத்தில், உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி நடக்கிறது. உச்ச வேகமே 90 கி.மீ.தான். ஏசி கிடையாது, ஆறு பேர் கிடையாது, மலை கிடையாது. சின்ன டர்போவுக்குப் பிடித்த சூழ்நிலை அதுதான். ஹூண்டாய் அல்கஸார் 2021-இல் 2 லிட்டர் பெட்ரோலோடு வந்தபோது ஆட்டோமேட்டிக்குக்குச் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 14.2 கி.மீ. 2023-இல் 1.5 டர்போ வந்ததும் அது 18 ஆனது. இரண்டுக்கும் பவர் கிட்டத்தட்ட ஒன்றே, 160 பி.எஸ். கியர்பாக்ஸும் மாறியதை மறக்கக் கூடாது. இந்த முன்னேற்றம் நிஜம்தான், ஆனால் முழு லோடில் மலை ஏறும்போது அதே அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

சிசி எண்ணை மட்டும் பார்ப்பதில் இருக்கும் வேடிக்கையை டெல்லி நமக்குக் காட்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களை அங்கே பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த மாதமே மஹிந்திரா தன் 2.2 லிட்டர் இன்ஜினை 1.99 லிட்டராகச் சுருக்கி எக்ஸ்யூவி500-இல் வைத்தது. பவர் அதே 140 குதிரைத்திறன். தடை அடுத்த ஆகஸ்டில் நீங்கியது.

டீசல் கதையே வேறு. த்ராட்டில் நஷ்டம் அதற்குப் பெரிதாகக் கிடையாது, எரிக்கும் முன் காற்றை அது அழுத்தும் அளவும் அதிகம் என்பதால் சிக்கனம் கூடும், ஒரு லிட்டரில் உள்ள ஆற்றலும் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல். போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் லோடோடு ஓடும் பெரிய வண்டிக்கு 2.2 டீசல், 1.5 பெட்ரோலைவிட அதிக மைலேஜ் கொடுப்பதில் ஆச்சரியமில்லை.

உங்கள் ஓட்டத்துக்கு லிட்டருக்கு டீசல் 13 கி.மீ., பெட்ரோல் 10 கி.மீ. என்று வைப்போம். மாதம் 115 லிட்டருக்கும் 150 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம். டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 100 என்று போட்டால் மாதம் சுமார் 4,400 ரூபாய் மிச்சம். டீசல் மாடல் ஒன்றரை லட்சம் கூடுதல் என்றாலும் மூன்று வருடத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். என் ஓட்டு டீசலுக்கே.

ஒரு நிபந்தனை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. தினமும் இரண்டு கி.மீ. மட்டும் ஓட்டி நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளும், அந்தக் கரியை எரிக்கவும் டீசல் செலவாகும். உங்களுக்குச் சென்னைப் பயணம் இருப்பதால் கவலை இல்லை. ஓட்டம் ஊருக்குள் மட்டுமே என்றால் டீசலைச் சொல்லியிருக்க மாட்டேன், பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். டொயோட்டா ஹைக்ராஸ் ஹைப்ரிட் இன்ஜின் 2 லிட்டர், அறிவித்த மைலேஜ் 23.24. எஸ்யூவி இல்லை என்று சண்டைக்கு வராதீர்கள், அண்ணனிடம் காட்ட நல்ல உதாரணம்.

அப்புறம், எதை வாங்கினாலும் ஹைவேயில் 120-ஐ 100 ஆக்குங்கள். 100-லிருந்து 120 போனால் காற்றுத் தடை 44 சதவீதம் கூடும், எஸ்யூவியின் முகமோ சுவர் மாதிரி. டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஆறு பேரையும் ஏற்றி, ஏசி போட்டு, ஏதாவது ஒரு மேம்பால ஏற்றத்தில் இரண்டு வண்டியையும் ஓட்டிப் பாருங்கள். அண்ணனே ஸ்டியரிங் பிடிக்கட்டும்.