மேற்கத்திய இசையில் அதிகம் பேசப்படாத, நீங்கள் மதிக்கும் ஓர் ஆசிரியர் யார்?

ஜார்ஜ் ஜிலே. ஓபோ என்ற மேற்கத்திய மரக் குழலை வாசிப்பவர்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் ‘யார் அது?’ என்றுதான் கேட்பார்கள்.

பாரிஸில் வேலை பார்த்த காலத்தில் மாலை வகுப்பில் ஓபோ கற்றேன். முதல் மாதம் முழுக்கச் சீவாளியோடுதான் போராட்டம். நாகஸ்வரம் போல இதற்கும் இரண்டு நாணல் இதழ்கள். சின்னக் குப்பித் தண்ணீரில் நனைத்து, வாயில் வைத்து ஊதினால் காக்கை கரைவது போல ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கத்தியால் மயிரிழை அளவு சீவ வேண்டும். கொஞ்சம் கூடிவிட்டால் அந்தச் சீவாளி அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் என் ஆசிரியையின் மேசை மீது கிடந்தது, ஜிலே 1909-ல் வெளியிட்ட பயிற்சிப் புத்தகம். புரட்டினால் பக்கமெல்லாம் எறும்பு மொய்த்தது போலச் ஸ்வரங்கள். “இதை அப்புறம் தொடலாம், இப்போது சீவாளியைப் பார்” என்றார். அன்றிலிருந்துதான் இந்த மனிதரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜிலே 1854-ல் பிரான்ஸின் நார்மண்டியில் லூவியே ஊரில் பிறந்தவர். பாரிஸ் கன்சர்வத்துவார் என்ற இசைக் கல்லூரியில் 15 வயதிலேயே முதல் பரிசு வாங்கினார். முப்பது வயதுகூட ஆகாமல், 1881-ல் அங்கேயே ஓபோ பேராசிரியர் ஆனார். 1919 வரை அந்த வகுப்பை விடவில்லை. 1887-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸோடு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் வாசித்திருக்கிறார். அந்தப் பயணத்துக்கென்றே சேன்-சான்ஸ் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பியானோ நான்குக்குமாக ‘கப்ரீஸ்’ என்ற துள்ளலான இசைத் துண்டு ஒன்றை எழுதினார். டேனிஷ் மெட்டுகளையும் ரஷ்ய மெட்டுகளையும் அதில் கோத்திருக்கிறார். காரணம், அன்றைய ரஷ்யப் பேரரசி டென்மார்க் இளவரசி.

ஆனால் என்னைக் கவர்ந்தது மேடை ஜிலே அல்ல. புதிய இசை ஓபோவிடம் கேட்கும் கஷ்டங்களை மாணவர்கள் சமாளிக்க வேண்டும் என்று ஒருபுறம் பயிற்சிகள் எழுதினார். மறுபுறம், கருவியே அதற்கு இடம் தராத இடங்களில் கருவியை மாற்ற வைத்தார். ஓபோ செய்யும் லோரே பட்டறையோடு சேர்ந்து, 1906-ல் திறந்த வளையங்களுக்குப் பதிலாகத் துளையை முழுதாக மூடும் தட்டுகளைக் கொண்டுவந்தார். முன்பு சிக்கலாக இருந்த, இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்கும் பல துடிப்புகள் அதன்பின் விரலுக்கு எளிதாயின. இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலான இசைக்குழுக்களில் இருப்பது அந்த வழி வந்த ஓபோதான்.

அவர் மாணவர்கள் அமெரிக்கா போனார்கள். ஜார்ஜ் லோன்ஜியும், அவருக்குப் பின் ஜிலேயின் உறவினரான ஃபெர்னான் ஜிலேயும் பாஸ்டன் இசைக்குழுவில் முதன்மை ஓபோ. மார்செல் தபுத்தோ 1915 முதல் 1954 வரை பிலடெல்பியா இசைக்குழுவில். தபுத்தோவிடம் படித்தவர் ஜான் டி லான்சி. 1945-ல் அமெரிக்கச் சிப்பாயாக ஜெர்மனியின் பவேரியாவில் இருந்தவர், வயதான இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸைச் சந்தித்து, ஓபோவுக்கு ஒரு கான்செர்டோ, அதாவது இசைக்குழுவோடு ஓபோ தனித்து முன்னிற்கும் படைப்பு, எழுதும் எண்ணம் உண்டா என்று கேட்டார். “இல்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் ஸ்ட்ராஸ். சில மாதங்களில் எழுதியும் விட்டார்!

அந்தக் கான்செர்டோவின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். ஓபோ நுழைந்த பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட தாளக் கட்டங்களுக்கு ஓய்வே கிடையாது. ஓபோக்காரருக்கு இங்கே காற்று தீர்ந்துபோவதில்லை. சீவாளியின் வாய் அத்தனை குறுகல் என்பதால், பழைய காற்று வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் அடைத்து நிற்கும். உள்ளே இழுப்பதற்கு முன் வெளியே விட ஒரு நொடி வேண்டும், அந்த நொடியை ஸ்ட்ராஸ் தரவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வாசிப்பவரோடு சேர்ந்து எனக்கும் மூச்சு முட்டுகிறது.

ஜிலேயின் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் பயிற்சியைப் பாதி வேகத்தில் பழகிக்கொண்டிருக்கிறேன்.